அலாரத்தை யார் மாட்டுவது?

“ஒரு மணியடிக்க இவ்ளோ காசா? இந்தக் காசுக்கு அந்தத் திருடனையே வாட்ச்மேனா வெச்சுக்கலாமே தம்பி!”

ஜேசுராஜ் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிற ரகம்.

எத்திராஜும் சிரித்து வைத்தான். வீட்டுக்குத் திருட்டு அலாரம் விற்க வந்தவன் வேறென்ன செய்வான்? ஆவடி சேக்காட்டிலிருந்து கிளம்பி, பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்த மொபெட்டை மிதித்தே அயனம்பாக்கம் வந்து சேர்ந்திருந்தான். இந்த வாரத்துக்குள் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை கழுத்து டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மானேஜர் அன்பொழுகச் சொல்லியிருந்தார். டை கம்பெனியுடையது.

“கதவைத் தொட்டாப் போதும் சார், நாலு தெருவுக்குக் கேக்கும்!”

“நாலு தெரு எதுக்குய்யா? ஊட்டுக்குள்ள மெதுவா கேட்டா பத்தாதா?”

“நல்லா கேக்கட்டும்,” என்று காபி டம்ளரை நங்கென்று வைத்தாள் அவர் மனைவி செலின். “அப்பவாவது அந்தத் திருட்டுப் பயலுக்கு வெக்கம் வருதான்னு பாக்கலாம்.”

“சும்மா திட்டாத செலின். அவனுக்கு இன்னா கஷ்டமோ.”

எத்திராஜ் உருகிப்போனான். தன் வீட்டில் கைவைத்தவனுக்கே பரிந்து பேசுகிற மனிதரை அவன் பார்த்ததே இல்லை. கோயிலில் பிரசங்கம் செய்ய வேண்டிய ஆள்! ஆனால் அவருடைய நல்ல மனசை வைத்துக்கொண்டு மானேஜருக்கு என்ன பதில் சொல்வது?

ஜேசுராஜின் கட்சி இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இத்தனை வருஷமாக மெஷின்களுக்கு ஒயரிங் போடுகிற கை, ஒரு பிசாத்து மணிக்காகக் கம்பெனிக்காரனைக் கெஞ்சுவதா? ரிச்சி தெருவில் சாமான் வாங்கினால் சாயங்காலத்துக்குள் அவரே மாட்டிவிடுவார்.

“தொண்ணூத்தி நாலுல மணியடிக்கக்கூட கம்பெனி வந்துடுச்சு பாரேன்!” என்றார்.

“ஆமாமா, இவரு மாட்டினதுதான் எங்க காலிங்பெல்லு,” என்றாள் செலின். “ஒரு தடவை தொட்டுட்டுப் போன போஸ்ட்மேன் இப்பல்லாம் ரோட்டுலேர்ந்தே கத்தறாரு. வாசல்ல ஸ்டார் தொங்குதே, அதுவும் ஐயா கைவேலைதான். மாட்டின அன்னிக்கு தெருவுக்கே கரண்ட் போச்சு.”

“அது பல்பு சரியில்ல!”

“பல்பு சரியில்ல, சுவரு சரியில்ல, பொண்டாட்டி சரியில்ல. உங்க கை மட்டும் தங்கம்.”

புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் மாட்டிக்கொண்டால் ஆர்டர் போய்விடும் என்பது எத்திராஜுக்குத் தெரியும். பேச்சை மாற்றினான்.

“இதுவரைக்கும் எத்தனை தடவை திருட்டுப் போயிருக்கு மேடம்?”

“ஒண்ணா ரெண்டா? பூட்டு போட்டேன், கள்ளச்சாவி பண்ணிட்டான். சரின்னு வேற பூட்டு போட்டு, சாவியை இடுப்புலயே சொருகிக்கினு தூங்கினேன். கதவு ஸ்க்ரூவையே கழட்டிட்டான்!”

“கெட்டிக்காரன்,” என்றார் ஜேசுராஜ், ரசித்து.

“போலீஸ்ல சொல்லலையா மேடம்?”

“சொன்னா மானம்தான் போகும்.” செலினின் குரல் சட்டென்று உடைந்தது. “போன ஈஸ்டருக்கு இவரை ஆஸ்பத்திரில சேக்க வேண்டியதாப் போச்சு தம்பி. கண்ணே தொறக்காம கெடந்தாரு. பொழைக்க மாட்டாருன்னே நெனச்சேன்.”

எத்திராஜ் பதறினான். “ஐயோ! அடிச்சிட்டானா?”

“பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு?” என்று ஜேசுராஜ் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை நடந்தா நான் இவரைப் பறிகொடுத்துட்டுதான் நிக்கணும்,” என்று செலின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எத்திராஜுக்கு அந்தத் திருடன்மேல் நிஜமாகவே ஆத்திரம் பொங்கியது. உயிர் போய் வந்த பிறகும் சில்லறைக் கணக்கு பார்க்கிற இந்த மனிதர்மேலும்தான்.

“சார், விளையாட்டு இல்ல. கம்பெனி ஆளு மாட்டினா எந்த ஒயரு எங்க போகுதுன்னு வெளியில ஒருத்தனுக்கும் தெரியாது.”

“நான் மாட்டினா எல்லா ஒயரும் எனக்கு அத்துப்படி. அதுதானே நல்லது?”

“அதனாலதான் நீங்க வேணாங்கறேன்,” என்ற செலின், எத்திராஜ் பக்கம் திரும்பினாள். “எங்க கையெழுத்து போடணும் தம்பி?”

போட்டும் விட்டாள். எத்திராஜுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஜேசுராஜின் முகமோ செத்துப் போயிற்று.

“இந்த ஊட்ல என் பேச்சுக்கு மதிப்பே கெடயாது,” என்று முனகிக்கொண்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

எத்திராஜ் உற்சாகமாக டேப்பை உருவினான். “முன்வாசல் கதவுலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா மேடம்?”

“அது எதுக்கு? இப்படி வாங்க.”

செலின் அவனைச் சமையலறைக்குள் கூட்டிப்போய், மூலையிலிருந்த மர அலமாரியைத் திறந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தெரு முழுக்கத் தட்டு வைத்துக் கொடுக்கச் செய்த அதிரசமும் கல்கலும் இரண்டு பெரிய டின்களில் இருந்தன. ஒரு டின் அதற்குள் பாதியாகியிருந்தது.

“இந்தக் கதவுக்குத்தான். ஸ்விட்ச் எங்க வெக்கறீங்கன்னு என் காதுல மட்டும் சொல்லுங்க.”

எத்திராஜ் விழித்தான். “அப்ப... திருடன் யாரு மேடம்?”

செலின் ஹால் பக்கம் கையைக் காட்டினாள். “நானே மாட்டறேன், நானே மாட்டறேன்னு ஒத்தக் கால்ல நின்னாரே, அவருதான்! சுகர் நானூறைத் தாண்டிடுச்சு தம்பி.”