அடி வெட்டிய வாளி

"மெஷின்ல இழுவையே இல்லப்பா. எங்கயோ காத்து களவு போகுது. கண்டுபிடிச்சு அடைச்சுட்டுப் போ" என்றார் பெரிய மேஸ்திரி.

மரப் பட்டறைகளில் தூள் உறிஞ்சும் மெஷினுக்குக் குழாய் பூட்டுவது என் தொழில். காற்று களவு போனதாகப் புகார் கொடுத்த முதல் ஆள் இவர்தான்.

முன்பு அது ஒரே பட்டறை. அப்பா போனதும் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். மெஷின் அண்ணன் பங்குக்கு வந்தது. தம்பி பக்கம் போன குழாயை, இவர் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அறுத்துப் போட்டதாகக் கேள்வி.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். கேட்கிற நமக்கே நெஞ்சு வலிக்கிற இருமல்.

"தம்பிங்களா?" என்றேன்.

"ஆமா. சின்ன வயசுலேர்ந்தே இளைப்பு. தூள்ல நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நிக்கிறான். எனக்கென்ன வந்துச்சு?"

அவர் மனைவி பாய்ந்து வந்தார். "நல்லா இருமட்டும்! பங்கு கேக்கத் தெரிஞ்சுதுல்ல? ஒரு மெஷின் வாங்கவும் தெரியணும்!"

எனக்குச் சுருக்கென்றது. நல்ல ஜோடிப் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டே ஏணியை விரித்தேன்.

"நான் மரக்கடை வரைக்கும் போயிட்டு வரேன். அவசரமில்ல, நிதானமா பாரு" என்று மேஸ்திரி கிளம்பிவிட்டார்.

மோட்டாரில் கோளாறு இல்லை. தூள் சேரும் பையில் கிழிசல் இல்லை. ஆறு இஞ்ச் குழாய் உத்தரத்தோடு போய், மூலையில் சாத்தியிருந்த பலகைகளுக்குப் பின்னால் இறங்கியது. நானும் பின்னாலேயே போனேன்.

"அங்க எதுக்குப் போறீங்க? பல்லிதான் இருக்கு" என்றார் அந்த அம்மா.

"இருக்கட்டும்க்கா."

"பூரானும் இருக்கு."

"பார்த்துக்கறேன்க்கா."

"டீ ஆறிடப் போகுது!"

"டீ எங்கக்கா?"

"இனிமேதான் போடணும்."

பலகைகளை நகர்த்தினேன். அங்கே பார்த்ததை என் இத்தனை வருஷத் தொழிலில் எங்கேயும் பார்த்ததில்லை.

சுவரில் மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தது தம்பி பக்கத்து நாலு இஞ்ச் குழாய். அதற்கும் ஆறு இஞ்ச் குழாய்க்கும் நடுவில் ஒரு குட்டி நீல வாளி. வாயைப் பெரிய குழாயில் மாட்டி, அடியை வெட்டிச் சின்னக் குழாயில் செருகி, இடுக்கெல்லாம் தலையணை உறையைத் திணித்து, மேலே வரிசையாகத் துணி காயப்போடும் கிளிப். கண்ட இடத்திலெல்லாம் புஸ்ஸென்று சத்தம். மேஸ்திரியின் மெஷின் இந்த இடுக்குகள் வழியாகத்தான் முக்கால்வாசிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி பக்கம் இழுவை சும்மா பேருக்கு.

தச்சுவேலை தெரிந்த எவனும் குழாயில் துணி கிளிப் மாட்ட மாட்டான். திரும்பிப் பார்த்தேன். அதுவரை பொரிந்து தள்ளிய அம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் மெதுவாக. "ரோஷக்காரர். எல்லார் முன்னாலயும் அறுத்துட்டாரு, இனிமே இறங்கி வரமாட்டாரு. நான் கட்டிக்கிட்டு வந்தப்போ கொழுந்தன் அரை டிராயர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவன். என் கையால தின்னு வளர்ந்த புள்ளை. நாள் பூரா அந்த இருமலைக் கேட்டுக்கிட்டு எனக்கு எப்படிங்க சோறு இறங்கும்?"

"அப்புறம் ஏங்க்கா வாய் நிறைய அப்படித் திட்டினீங்க?"

"திட்டலேன்னா அவருக்குச் சந்தேகம் வராதா?"

வாளியைக் கழற்றினேன். வண்டியிலிருந்து, பெரிய குழாயைச் சின்னதோடு இணைக்கிற ஆறுக்கு நாலு ரெட்யூசர் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கி, டேப் சுற்றினேன். மெஷினைப் போட்டதும் ரம்பத்தடியில் கிடந்த தூள் எல்லாம் சர்ரென்று உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே சத்தம் கேட்டது. அந்த அம்மா வாளியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். நான் பலகைகளைப் பழையபடி சாத்தினேன்.

மேஸ்திரி திரும்பி வந்தார். மரக்கடைக்குப் போன மனிதர் கையில் ஒரு குச்சி கூட இல்லை.

"என்னப்பா கோளாறு?"

"மோட்டார்கிட்ட ஒரு கிளாம்ப் லூஸா இருந்துச்சு மேஸ்திரி" என்று கூசாமல் புளுகினேன்.

"நான்தான் சொன்னேனே!" என்றார் அந்த அம்மா. எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. "இவரு உடனே தம்பி திருடிட்டான்னு கிளம்பிட்டாரு. திருடுறதுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் ஏது? அவன் ஒரு தண்டம்!"

"தண்டம்தான்" என்று ஒத்துக்கொண்டார் மேஸ்திரி.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வண்டி வரை மேஸ்திரி கூடவே வந்தார். ஒரு தரம் பட்டறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வாளியை எடுத்துட்டுச் சரியான ஜாயின்ட் போட்டுட்டியா?"

தூக்கிய ஏணியை அப்படியே கீழே வைத்தேன்.

"எனக்கு என்னைக்கோ தெரியும்பா. பாவம், அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நானே போய்ச் சரி பண்ணினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவா, அப்புறம் என் ரோஷம் என்னாகுறது? அதான் உன்னை வரச் சொன்னேன்" என்றவர், என் தோளில் கை வைத்துக் கேட்டார்.

"தம்பி பக்கம் இப்ப நல்லா இழுக்குதா?"