குறை கேட்டவர்

புத்தரின் பழைய உரைகளை ஆறு மாதமாகப் படித்துவரும் கணவர், புத்தகத்தை மூடிவிட்டு மனைவியின் முன் கைகூப்பி உட்கார்ந்தார்.

"மழைக்காலம் முடிஞ்சா பிக்குகள் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் இப்படித்தான் கேப்பாங்களாம். என்கிட்ட நீ பார்த்த குறை, கேள்விப்பட்டது, சந்தேகப்பட்டது எதுவானாலும் சொல்லு. நான் வாயே திறக்கமாட்டேன்."

அவள் முகம் வெளிறியது. "உங்ககிட்ட என்னங்க குறை? எந்திரிங்க."

"சாகும்போதுகூடத் தம்பி என்னைத் தேடலையே! ஏதோ குறை இருக்கு. சந்தேகத்தையாவது சொல்லு."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களோன்னுதான் சந்தேகம்!" அவள் உடைந்தாள். "உங்களைப் பாக்கணும்னு ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மூணு தடவை ஆள் அனுப்பினார். அவர் மேல இருந்த பழைய கோபத்துல நான்தான் மறைச்சேன்."

அந்த நிமிடம்வரை அவருக்கு அது தெரியாது.

வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். திறக்கவில்லை.