எந்த வீட்டுக்காரர்?

குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, போனை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தேன்.

"வீட்டுக்காரர் வெளிய போன்னு சொன்னா போகணுமா?"

மாடிப்படியில் பூட்டும் கையுமாக நின்று கத்திக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். மாடியில் குடியிருக்கும் நர்சுக்கும் அவர்தான் வீட்டுக்காரர். எனக்கு ஒரு அர்த்தத்தில், அவளுக்கு வேறு அர்த்தத்தில்.

அவள் செய்த குற்றம் பெரிது. நேற்றுக் காலை படியிறங்கி வந்து, இப்படிக் கத்தாதீங்க சார் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இன்றைக்கே சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கு, வீட்டைப் பூட்டப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கைக்குழந்தைக்காரி. புருஷன் வெளியூரில். இந்த நேரத்தில் எங்கே போவாள்?

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முதுகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். அக்கா, இவர் இப்படிச் செய்யலாமா?

எனக்கும் தெரியாது. அதனால்தான் போனைக் கேட்டேன்.

தமிழில் டைப் அடிக்க எனக்கு வராது. வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும்.

எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டது. ஆனால் வந்து விழுந்ததெல்லாம் வேறு. கணவர் வீட்டை விட்டுத் துரத்தினால் மனைவி என்ன செய்யலாம், யாரிடம் போகலாம், எந்த எண்ணைக் கூப்பிடலாம்.

சனியனே, நான் கேட்டது அந்த வீட்டுக்காரரை இல்லை என்று போனைத் திட்டினேன். வாடகை என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி கேட்டேன்.

மேலே கதவு அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது.

இந்த முறை சட்டம் கிடைத்தது. கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது, பூட்டுப் போடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அப்பாடா என்று அப்படியே அவளுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. அக்கா, இது பக்கத்து மாநிலத்துச் சட்டம்.

பக்கத்தின் உச்சியைப் பார்த்தேன். யாருடைய முத்திரையோ. அடுத்த வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறேன்.

நம் மாநிலத்தின் பெயரைச் சேர்த்தேன். ஊரின் பெயரையும் சேர்த்தேன். அரசாங்கப் பக்கம் திறப்பேனா என்று அடம் பிடித்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே அவர் தோளால் கதவை இடிக்கத் தொடங்கிவிட்டார். தாழ்ப்பாள் பழையது, நான்தான் மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று இறங்கி வந்து என்னை இந்தக் கோலத்தில் பார்த்தாலும் வினைதான். மேலே நடப்பது கீழே நடக்கும்.

பக்கம் திறந்தது. நம் மாநிலச் சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. நம் ஊர் அலுவலகத்தின் பக்கத்தில், வாடகைப் புகார்களை வாங்கும் அதிகாரியின் எண்ணும் கிடைத்தது. இரண்டையும் அனுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சத்தமாகப் படித்தாள். முதல் வரியில் குரல் நடுங்கியது. சட்டப்பிரிவின் எண்ணைச் சொல்லும்போது நடுங்கவில்லை. கடைசியில், அந்த அதிகாரியைக் கூப்பிடட்டுமா சார் என்று மரியாதையாகவே கேட்டாள்.

இடி நின்றது.

பிறகு படியில் அவருடைய செருப்புச் சத்தம். மெதுவாக இறங்கி வந்தது.

அவளுக்கு அனுப்பியதை அழித்தேன். திறந்த பக்கங்களை மூடினேன். தேடும் கட்டத்தைத் தொட்டால் இதுவரை கேட்டதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும் என்று தெரியும். அவற்றையும் மேலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன்.

சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உன் போனக் குடு. அவ படிச்சது நிஜமான்னு பாக்கணும். யாரோ அவளுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க."

அவருடைய போன் நேற்று அவர் கையாலேயே சுவரில் மோதிச் செத்துப்போயிருந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் போனைக் கொடுத்தேன்.

கட்டத்தைத் தொட்டார்.

நான் கேட்டவற்றில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் கேட்டது.

வீட்டுக்காரர் வெளிய போன்னு சொன்னா போகணுமா.

உதடு அசைய ஒரு தரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். எதைப் பார்க்க வந்தார் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. பூட்டை அடுப்பு மேடையில் சத்தமில்லாமல் வைத்தார்.

"எந்த வீட்டுக்காரர்?"

இவ்வளவு தணிந்த குரல் அவரிடம் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

குழாயை மூடினேன். மாடியில் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

நேற்றுக் காலை இதே வாசலில் நின்று என்னைப் பார்த்து வெளியே போ என்று அவர் கத்தினார். அதைக் கேட்டுத்தான் மேல்வீட்டுப் பெண் படியிறங்கி வந்தாள்.

அவசரத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று என்று அவர் நினைத்திருப்பார்.

அழிக்க நேரம் இருந்தது.