முதல் பாக்கெட்

“அதோ, கதவுக்குப் பக்கத்துல பாருங்க!” என்று தலைமையாசிரியை கை நீட்டினார். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த இரண்டு ஆசிரியர்களும் பார்த்தார்கள்.

சுவரில் நீளமாக ஒரு துணி தொங்கியது. அதில் வரிசை வரிசையாக பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செல்போன் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“காலையில உள்ள வரும்போதே போனை அதுல போட்டுடணும். சாயந்திரம்தான் எடுக்கணும். இந்தப் பத்தாம் வகுப்புல இதுவரைக்கும் ஒரு போன் சத்தம்கூடக் கேட்டதில்ல.”

“பிள்ளைங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?”

“எல்லாம் நம்ம கெமிஸ்ட்ரி மிஸ்ஸாலதான். முதல் பாக்கெட் அவங்களோடது. தன் போனை வச்சிட்டுத்தான் பிள்ளைங்களை வைக்கச் சொல்வாங்க. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் முழுக்க இதே ஏற்பாடு. பொறுப்பும் அவங்களுக்குத்தான்!”

கெமிஸ்ட்ரி மிஸ் அடக்கமாகச் சிரித்தார். மேசை மேலிருந்த தன் கைப்பையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

முதல் பாக்கெட்டில் இருந்தது, என்றைக்கோ உயிரை விட்டு வீட்டு டிராயரில் கிடந்த பழைய போன். அசல் போன் கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

ஆரம்பத்தில் அசலைத்தான் வைத்தார், பாவம். ஆனால் அவருடைய கணவர் ஒரு தனிப் பிறவி. வீட்டில் எதைத் தேடினாலும் அவர் முதலில் தேடுவது மனைவியின் நம்பரை. மிஸ் போனை எடுக்காத ஒருநாள், இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறேன் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டார். அதையெல்லாம் திரும்ப அடுக்கும்போதுதான் டிராயரில் கிடந்த பழைய போன் மிஸ்ஸின் கண்ணில் பட்டது.

கைப்பைக்குள் இருக்கிற போனை சைலண்டில் போட்டுவிட்டதாகத்தான் மிஸ் நம்பிக்கொண்டிருந்தார்.

“கொக்கரக்கோ!”

கணவர் விளையாட்டாக ரிங்டோனாக வைத்துத் தந்த சேவல். கைப்பைக்குள்ளிருந்து இன்னொரு முறையும் கூவியது. மிஸ் பாய்ந்து போய் அதன் வாயை அடைத்தார்.

“மிஸ்... உங்க கைப்பையிலயா?” தலைமையாசிரியையின் புருவம் ஏறியது.

மிஸ் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். பிளக் பாயிண்ட் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்கு ‘சார்ஜர்’ என்று பெயர். போன் விஷயத்தில் மிஸ்ஸிடம் அதிகம் திட்டு வாங்கியவளும் அவள்தான்.

“என்னோடது மேடம். ரெண்டாவது போன். ஒளிச்சு வச்சிருந்தேன், மிஸ் பிடுங்கி அவங்க பையில வச்சிட்டாங்க.”

“கோழி திருடினவ மாதிரி முழிக்கிறதைப் பாரு! நாளைக்கு உங்க அம்மாவோட வந்தாத்தான் வகுப்பு” என்று பொரிந்துவிட்டு, தலைமையாசிரியை வந்தவர்களிடம் திரும்பினார். “பார்த்தீங்கல்ல? மிஸ்ஸோட கண்ணுல எதுவும் தப்பாது.”

அவர்களை வழியனுப்ப அவரும் வெளியே போனார்.

“ஏம்மா இப்படிச் சொன்ன?” மிஸ் கடைசி பெஞ்சுக்கே வந்து கேட்டார்.

“விடுங்க மிஸ். எங்கம்மா திட்டுறது எனக்குப் பழகிப்போச்சு.”

“நான் அதுல வைக்கிறது வேற போன்னு...”

“நீங்க மாத்தின அன்னைக்கே தெரியும் மிஸ். வைக்கும்போது வெளிச்சமே வராதே. எங்க எல்லாருக்கும் தெரியும்.”

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணையா இத்தனை நாள் வறுத்தெடுத்தோம்?

“என் தப்புக்கு உங்கம்மா எதுக்கு வரணும்? இப்பவே போய் மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“ஐயோ, வேண்டாம் மிஸ்!” சார்ஜர் மட்டுமல்ல, வகுப்பே அலறியது.

“ஏன்?”

சார்ஜர் தலையைச் சொறிந்தாள். “உங்க பாக்கெட்டைப் பார்த்தா... அப்புறம் எங்களோடதையும் பார்ப்பாங்கல்ல மிஸ்?”

மிஸ் துணிக்குப் பக்கத்தில் போய் ஒரு பாக்கெட்டில் கையை விட்டார். போன் கவருக்குள் கால்குலேட்டர். அடுத்த கவருக்குள் டிவி ரிமோட். அதற்கடுத்ததில் அளவாக உடைத்த டைல்ஸ் துண்டு. சார்ஜருடையதில் சோப்பு டப்பா.

“நீங்க செஞ்சதைத்தான் மிஸ் நாங்களும் செஞ்சோம்” என்றது முன் பெஞ்ச்.

கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. எல்லாவற்றையும் இருந்தபடியே திரும்பச் செருகினார்.

அதற்குள் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். “மிஸ், அந்தப் பொண்ணோட அம்மா நம்பர் குடுங்க.”

“வேண்டாம் மேடம். அந்தச் சேவல் என்னோடது. முதல் பாக்கெட்ல இருக்கிறது வெறும் டப்பா. எனக்காகத்தான் இவ பொய் சொன்னா.”

“உங்களையா மிஸ் பொறுப்புல போடப் பார்த்தேன்!” தலைமையாசிரியையின் முகம் சுண்டிப்போனது. பிறகு பார்வை மெல்லத் துணிப் பக்கம் போனது. “அப்போ, மத்த பாக்கெட் எல்லாம்?”

வகுப்பு மொத்தமும் குனிந்து புத்தகத்தைப் புரட்டியது.

மிஸ் துணியை மறைத்துக்கொண்டு நின்றார். “நாளைக்குக் காலையில வாங்க மேடம். எந்த நம்பருக்கு வேணும்னாலும் அடிச்சுப் பாருங்க.”

“நாளைக்கா?”

“நாளைக்கு மேடம்.”

தலைமையாசிரியை மிஸ்ஸைப் பார்த்தார். வகுப்பைப் பார்த்தார். “சரி, நாளைக்கே வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, இஸ்திரிப் பெட்டி கணவர் பாடு என்று விட்டுவிட்டு, அசல் போனை முதல் பாக்கெட்டில் வைத்தார் மிஸ். பின்னாலேயே வரிசை நகர்ந்தது.

சொன்னபடி தலைமையாசிரியை வந்தார். கடைசி பெஞ்சைப் பார்த்து, “முதல்ல உன் நம்பரைச் சொல்லு” என்றார். சொன்னாள். அடித்தார்.

சார்ஜரின் பாக்கெட்டிலிருந்து இன்னொரு சேவல் கூவியது.