தம்பிக்குக் காற்று

கல்குவாரியின் எடைமேடை அறையில் ஒரு குட்டிக் கணினி இருந்தது. அதன் மூளையான சில்லும் ஒரு சின்ன விசிறியும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. விசிறி சில்லைத் தம்பி என்றுதான் கூப்பிடும்.

சித்திரை வெயிலில் சில்லு கொதித்தது. விசிறி வேகத்தைக் கூட்டியது. காற்றோடு கல்தூளும் உள்ளே வந்து சில்லின் மேல் போர்வையாகப் படிந்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது. கொஞ்சம் நில்லேன்," என்றது சில்லு.

"நான் நின்னா நீ வெந்துடுவேடா," என்று விசிறி இன்னும் வேகமாகச் சுற்றியது.

ஒரு மதியம் சில்லு மயங்கியே விட்டது.

கணினியைச் செய்த பொறியாளர் அமலோற்பவம் வந்து பெட்டியைத் திறந்தார். கையால் அள்ளும் அளவுக்குத் தூசி.

"இவ்வளவையும் இந்த விசிறிதான் உள்ளே இழுத்திருக்கு," என்றார். அது தன்னைப் பற்றிய பேச்சு என்று புரியவே விசிறிக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவர் அதைக் கழற்றி மேஜையில் வைத்தார். கனத்த அலுமினியத்தில் புதுப் பெட்டி செய்தார். சூடு உலோகம் வழியாகவே வெளியேறும்படி சில்லை அதன் சுவரோடு ஒட்டி, ஒரு துளைகூட இல்லாமல் மூடினார். சில்லு கண் விழித்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"தம்பி, சூடு எப்படிடா இருக்கு?" என்று விசிறி கேட்டது. மூடிய பெட்டிக்குள் அந்தக் குரல் போகவில்லை.

அப்போது ஜன்னல் வழியே குவாரிக் காற்று வந்து விசிறியின் இறக்கைகளைத் தள்ளியது. பெட்டி மூடியிருப்பதை மறந்து, தம்பி மேல் மறுபடி தூசி படிந்துவிடுமோ என்று பதறி, அது தன்னை நிறுத்திக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை.