நீங்கள் பாம்பா?

புளியமரத்தில் குடியிருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு சாட் குரூப் வைத்திருந்தார்கள். பொந்தில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்த மைனாதான் அட்மின்.

அதற்குப் பெரிய தலைவலி அணில். எங்கேயாவது ஒரு கயிறு ஆடினால் போதும், "பாம்பு! பாம்பு!" என்று குரூப்பில் போட்டுவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மைனா, ஒருநாள் செட்டிங்ஸைத் திறந்து உட்கார்ந்தது. 'பாம்பு' என்ற சொல் வந்தால் மெசேஜ் தானாக அழிந்துவிடும். ஒரு மெசேஜ் போட்டவர் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு கேள்வி: "நீங்கள் பாம்பா?"

மறுநாளே ஒருவர் "இல்லை" என்று பதில் சொல்லிச் சேர்ந்துகொண்டார்.

மத்தியானம் அடிமரத்தைப் பார்த்த அணில் சட்டென்று போனை எடுத்தது. "பாம்பு!" என்று போட்டது. அழிந்துவிட்டது. "நீளமா ஒண்ணு மரத்துல ஏறுது" என்று அடித்தது. அழிந்த மெசேஜும் கணக்கில் சேர்ந்துவிட்டதால், ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னது போன்.

அணில் கிளையிலிருந்தே கத்தியது. "மைனாக்கா! கீழே பாருங்க!"

மைனா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுவா இருந்தாலும் குரூப்ல போடுப்பா. இப்படி நேர்ல கத்தவா நான் இவ்வளவு செட்டிங்ஸ் பண்ணி வச்சிருக்கேன்?"

பிறகு குரூப்பில் எழுதியது: "இன்று ஒரு வீண் மெசேஜ்கூட இல்லை. இப்போதுதான் நம் மரம் பாதுகாப்பாக இருக்கிறது."

பொந்து வாசலிலிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. போட்டவர் அந்தப் புது உறுப்பினர். அவருக்குக் கையே கிடையாது.