கல்வியியல் மைனர்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் மூக்குக் கண்ணாடி இந்த நிமிஷமே தூள் தூளாகட்டும்! பார்த்தீர்களா, ஒரு கீறல்கூட விழவில்லை. அத்தனையும் நிஜம்.

‘கத்தரி மேடம்’ வருகிறார் என்றால் அந்தக் கல்லூரியில் மின்விசிறிகூட சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். கல்வியியல் துறைப் பேராசிரியை. மெயின் பாடத்தோடு கூடுதலாக இன்னொரு பாடம் எடுத்துப் படித்தால் அதற்கு அங்கே மைனர் என்று பெயர். கல்வியியலை மைனராக எடுப்பவர்கள், எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்று முன்கூட்டியே திட்டம் எழுதித் தரவேண்டும். அதை மேடம் வெட்டோ வெட்டென்று வெட்டுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

அன்று கடைசி நாள். நாலு மணிக்குப் பதிவு முடிகிறது. இரண்டு மணிக்கு மேடம் இரண்டு படிவங்களை அக்கம்பக்கமாக வைத்து முறைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க வாங்க,” என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டார். “இது கணிதத் துறைப் பையன். இது வரலாற்றுத் துறைப் பொண்ணு. அதே ஆறு தாள், அதே கிழமை, அதே மணி!”

“சிநேகிதமா இருக்கும் மேடம்.”

“தப்புலகூடவா சிநேகிதம்? மத்தவங்க பாடம் நடத்துறதைக் கடைசி பெஞ்சுல உக்காந்து பார்க்கணும். அப்புறம்தான் தானா நடத்திப் பழகணும். இதுங்க ரெண்டும் முதல் பருவத்துலயே நடத்துறதாம், கடைசியில பார்க்குறதாம். ஒரே தலைகீழ்!”

படிவத்தில் பெயரும் வயதும் இருக்காது. பதிவு எண், துறை, ஆணா பெண்ணா என்ற குறி, அவ்வளவுதான். பாரபட்சம் வரக்கூடாதாம். குமாஸ்தாவின் கற்பனைக்குப் பெயரா வேண்டும்?

“மேடம், இவன் கல்வியியல் படிக்க வரல. நெஜமாவே மைனராத்தான் வந்திருக்கான். கழுத்துல மைனர் செயின் ஒண்ணுதான் பாக்கி!”

“காப்பியடிச்சது யாருன்னு தெரியட்டும், அந்தப் படிவத்தைக் கிழிச்சுடறேன். ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. தனித்தனியா.”

பையன் வந்தான். பேச்சு தொண்டைவரை வந்து, வெளியே யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் ரகம்.

“யாரைப் பார்த்து எழுதினே? காப்பியடிச்ச படிவத்தைக் கிழிச்சுடுவேன்.”

“அ... அம்மாவைப் பார்த்து, மேடம்.”

“எந்த அம்மா?”

“எங்க அம்மாதான். வரலாறு, ரெண்டாம் வருஷம்.”

குமாஸ்தா ஒரு ஃபைலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவன் அம்மா தையல்கடை வைத்திருப்பவள். பிள்ளையைச் சேர்க்க வந்த அன்றைக்கே தனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கிப் போனவள்.

“அம்மாவுக்கு டீச்சராகணும்னு கொள்ளை ஆசை மேடம். சின்னப் பசங்க நடுவுல தனியா உக்கார வெட்கப்படுறாங்க. அதான் நான் துணைக்கு. கிழிக்கணும்னா என்னுதைக் கிழிங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“உனக்கு அந்த ஆசை இல்லையா?”

“எனக்கா? எனக்கெதுக்கு மேடம்...” என்றவனின் பார்வை கரும்பலகைக்கு ஓடி, அகப்பட்டுக்கொண்டதுபோல் தரைக்கு இறங்கியது.

அவனை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, மேடம் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று, கேட்காத குமாஸ்தாவுக்கு விளக்கமும் சொன்னார்.

அரை மணியில் அம்மா ஓடி வந்தாள். கடையிலிருந்து வந்த அவசரத்தில் அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது.

“யாரைப் பார்த்து எழுதினீங்க? காப்பியடிச்ச படிவத்தைக் கிழிச்சுடுவேன்.” பையனிடம் எதுவுமே விசாரிக்காததுபோல் மேடம் கேட்டார்.

“என் பையனைப் பார்த்துதாங்க மேடம்.”

மேடம் நிமிர்ந்தார். “என்னது?”

“மெதுவாங்க, வெளியிலதான் நிக்கிறான். வாத்தியாராகணும்னா அவனுக்கு உயிரு. ஆனா நாலு பேரைக் கண்டா நாக்கு ஒட்டிக்கும். பக்கத்துல நான் இருந்தா வாயைத் திறப்பான். அதான் நான் துணைக்கு. கிழிக்கணும்னா என்னுதைக் கிழிங்க. அவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

“உங்களுக்கு அந்த ஆசை இல்லையா?”

“எனக்கா! நல்லா கேட்டீங்க போங்க, இந்த வயசுல!” டேப்பின் நுனி அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ந்தது.

அவள் வெளியே போனதும் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். “அவன் இவங்களைப் பார்த்து எழுதினானாம், இவங்க அவனைப் பார்த்து எழுதினாங்களாம். அப்போ அந்தத் தப்பை முதல்ல எழுதினது யாரு மேடம்?”

“மத்ததையெல்லாம் மாத்தி மாத்திப் பார்த்து எழுதியிருக்கலாம். அதை மட்டும் யாரும் யாரையும் பார்த்து எழுதலய்யா. சும்மா துணைக்கு வர்றவங்க முதல் பருவத்துலயே பாடம் நடத்த இடம் கேப்பாங்களா? ரெண்டு பேருக்கும் கை அரிக்குது!”

தாள்களின் வரிசையைத் திருத்தி, இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு வராந்தாவுக்குப் போய்ப் பையனைத் தனியாக இழுத்து, “நீ ஒரு நாள் மட்டம் போட்டாலும் உங்கம்மா படிப்பை விட்டுடுவாங்க, ஜாக்கிரதை!” என்றார் கடுகடுவென்று.

அதே முகத்தோடு அம்மாவின் பக்கம் திரும்பி, அவள் காதிலும் அதையே ஓதினார், பிள்ளை படிப்பை விட்டுவிடுவான் என்று மாற்றி.

இன்றுவரை இருவரும் ஒரு வகுப்புக்கூட விட்டதில்லை. அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இது அந்த வீட்டுக்கு மட்டும் எட்டிவிடக் கூடாது. மீறி எங்கேயாவது வாய் தவறிவிட்டால், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லுங்கள். என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாது.